பம்ப் எதையும் அளப்பதில்லை

ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பற்றிய செய்தி என்றால் வென்டிலேட்டரும் எம்.ஆர்.ஐ.யும்தான் இடம்பிடிக்கும். பெங்களூரில் எங்களைப் போன்ற பயோமெடிக்கல் ஆட்களின் பொழுதைத் தின்பதோ கட்டில் தலைமாட்டுக் கம்பியில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டிகள்தான்: இன்ஃப்யூஷன் பம்ப், சிரிஞ்ச் பம்ப். விக்டோரியா, வாணி விலாஸ், நிமான்ஸ், இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரி என்று அரசுப் பக்கமும், பொம்மசந்திராவிலிருந்து ஹெப்பாள் வரை தனியார் பக்கமும், புதிதாக ஒரு ஐசியு திறந்தால் கொள்முதல் பட்டியலில் எண்ணிக்கை அதிகம் இவற்றுக்குத்தான். தேவை ஏறுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எதை வாங்குவதாக நினைத்து வாங்குகிறோம் என்பதில்தான் என் வழக்கு. பெட்டிகளை எண்ணி, விவரக்குறிப்பு எழுதி, குழு கூட்டி வாங்குகிறோம். அந்தப் பெட்டியின் திரையில் தெரியும் எண்ணை உண்மையாக்குகிற பிளாஸ்டிக் குழாயையும் சிரிஞ்சையும் வேறோர் அறையில், வேறொரு கோப்பில், ஆகக் குறைந்த விலைக்கு வாங்குகிறோம். இரண்டும் ஒரே கருவி என்று கருதி வாங்காதவரை, பம்புகள் எத்தனை கூடினாலும் நோயாளிக்குப் போகும் மருந்தின் அளவு சரியாகிவிடாது.

தேவை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 2020-இல் மைசூரு ஸ்கான்ரே நிறுவனத்துடன் கைகோத்து, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 30,000 வென்டிலேட்டர்களுக்கான ஆர்டரை எடுத்துச் செய்தது. மறு ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கோவிட்டின் இரண்டாம் அலையில் இந்த நகரம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வென்டிலேட்டர் தனியாக வேலை செய்வதில்லை. அதில் கிடப்பவருக்கு மயக்கத்துக்கு மிடசோலமோ ஃபென்டனிலோ, தசை தளர அட்ராகுரியம், ரத்த அழுத்தம் விழாமலிருக்க நார்அட்ரினலின், சர்க்கரைக்கு இன்சுலின். நான்கு மருந்து, நான்கு பம்ப். மூன்றாம் அலை வந்தால் குழந்தைகளைத் தாக்கும் என்ற பயத்தில், டாக்டர் தேவி ஷெட்டி தலைமையில் கர்நாடக அரசு அமைத்த குழு குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சையைப் பலப்படுத்தச் சொன்னது. அங்கே பம்ப் இல்லாமல் படுக்கையே இல்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கட்டமைப்புத் திட்டம் பல மாவட்டங்களில் தீவிர சிகிச்சைக் கட்டடங்களுக்குப் பணம் ஒதுக்கியது. கிட்வாய் போன்ற புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் 46 மணி நேரம் விடாமல் ஏற்ற வேண்டிய ஃப்ளூரோயுரசில் சிகிச்சைக்கும், கட்டிலில் கட்டிப்போடாமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், கையோடு கொண்டுபோகும் பம்ப் வேண்டும். இவ்வளவும் நிஜமான தேவை. விற்பனையாளர் ஊதிப் பெருக்கியது அல்ல.

இதற்கு மூத்த நர்ஸுகளும் சில மருத்துவர்களும் சொல்லும் முதல் மறுப்பு, ரோலர் கிளாம்பைத் திருகிச் சொட்டு எண்ணியே தலைமுறைகளாகக் காலம் தள்ளினோமே என்பது. பெருமளவுக்கு அது சரிதான். வயிற்றுப்போக்கில் வந்தவருக்கு ரிங்கர் லாக்டேட் ஏற்றப் பம்ப் எதற்கு? பொது வார்டில் ஆண்டிபயாடிக் போடவும் வேண்டியதில்லை. சொட்டு எண்ணுவது எங்கே தோற்கிறது என்பதைக் கணக்கே காட்டிவிடும். ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தைக்கு நாளுக்கு 80 மில்லி என்று வைத்தால் மணிக்கு 3.3 மில்லி. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் அது மணிக்கு 200 சொட்டு, அதாவது 18 விநாடிக்கு ஒரு சொட்டு. எட்டுக் குழந்தைகள் இருக்கும் அறையில் ஒரு சிஸ்டர் கிளாம்பைத் திருகி இதைப் பிடித்து நிறுத்த முடியாது. பிடித்தாலும் குழந்தை காலை அசைத்ததும் மாறிவிடும். பிரசவ அறையில் 500 மில்லியில் 5 யூனிட் ஆக்ஸிடோசின் கலந்து நிமிடத்துக்கு 2 மில்லியூனிட் கொடுக்க வேண்டுமானால், 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு 4 சொட்டு. ஒரு சொட்டு கூடினாலே மருந்து கால்பங்கு கூடிவிட்டது. நார்அட்ரினலின் உடம்பில் தங்குவது சில நிமிடம்தான், ஆகவே அதில் ஒரு தடங்கல் வந்தால் உடனே ரத்த அழுத்தத்தில் தெரியும். இந்த மூன்று இடத்திலும் பம்ப் ஆடம்பரம் இல்லை. பொது வார்டுக் கட்டில்தோறும் பம்ப் மாட்டிக் கணக்குக் காட்டும் ஆஸ்பத்திரிகள் மீது எனக்கு மரியாதை கிடையாது, அது வேறு விஷயம்.

இனி அந்தப் பெட்டிக்குள் நடப்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. வார்டுகளில் நாம் பார்க்கும் பெரும்பாலான இன்ஃப்யூஷன் பம்புகளின் கதவைத் திறந்தால் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் விரல்கள் இருக்கும். மோட்டார் சுழலும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயை அழுத்தி, அலைபோலத் திரவத்தைக் கீழே தள்ளும். சிரிஞ்ச் பம்பிலோ ஒரு திருகுக் கம்பி சுழன்று பிளஞ்சரை நெட்டித் தள்ளும். இரண்டிலும் திரவம் எவ்வளவு போயிற்று என்று யாரும் அளப்பதில்லை. மோட்டார் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு மில்லி என்று முன்னமே எழுதி வைத்த கணக்கில் பெருக்கித் திரையில் காட்டுகிறார்கள். ஆட்டோ மீட்டர் தூரத்தை அளப்பதில்லை, சக்கரச் சுழற்சியை எண்ணுகிறது. டயரின் சுற்றளவு குறைந்தால் மீட்டர் கூடுதலாக ஓடும், அதுபோலத்தான் இது. குழாயின் உள்விட்டம், சுவர் கனம், அழுத்தியதும் மறுபடி விரியும் திறன் இவை மூன்றும் எழுதி வைத்த கணக்கோடு ஒத்துப்போனால் மட்டுமே திரை சொல்வது உண்மை. ஆட்டோ மீட்டருக்காவது சட்ட அளவியல் துறை ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறது.

அந்தக் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கம்பெனி தன் பம்புக்கென்று விற்கும் செட்டில் விரல்கள் அழுத்தும் இடத்தில் மட்டும் மெத்தென்ற சிலிக்கோன் துண்டு ஒன்று இருக்கும், நாள் முழுக்க நசுங்கினாலும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். சாதாரண ஐ.வி. செட் முழுக்க முழுக்க பி.வி.சி. பன்னிரண்டு மணி நேரம் ஓடிய பிறகு கதவைத் திறந்தால், விரல் பட்ட இடம் தட்டையாகி, வெளுத்து, பல் பதிந்த மாதிரி வரி வரியாகத் தெரியும். அந்தத் துண்டு இனி முழுதாக விரியாது; ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குறைவாகவே நிரம்பும், குறைவாகவே தள்ளும். திரையில் மணிக்கு 50 மில்லி மாறாமல் நிற்கும். அலாரம் அடிக்காது, ஏனென்றால் பம்புக்குத் தெரிந்தவரை எல்லாம் சரி. தெரிந்த சிஸ்டர்கள் சில மணி நேரத்துக்கு ஒரு முறை குழாயைக் கொஞ்சம் கீழே இழுத்துப் புது இடத்தை விரல்களுக்குக் கொடுப்பார்கள். இது எந்தக் கையேட்டிலிருந்தும் வராமல் வார்டிலேயே கைமாறி வந்த வித்தை. நம் ஊர்ப் பழக்கம் இன்னொன்று உண்டு. பையாக இல்லாமல் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சலைன் வருகிறது, அது தானாகச் சுருங்காது. செட்டின் முனையில் இருக்கும் காற்று வழியைத் திறக்க வேண்டும், அல்லது பாட்டிலில் ஒரு ஊசியைக் குத்தி வைக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உள்ளே வெற்றிடம் ஏறி, பம்ப் எவ்வளவு உழைத்தாலும் திரவம் குறைந்துகொண்டே வரும்.

சிரிஞ்ச் பம்பில் தவறு இதைவிட நயமாக ஒளிந்துகொள்ளும். சிரிஞ்சைப் பிடிக்கும் கவ்வி அதன் வெளிப்புற அகலத்தை வைத்து இது 20 மில்லி, இது 50 மில்லி என்று கண்டுகொள்ளும். எந்தக் கம்பெனி என்பது அதற்குத் தெரியாது. பட்டியலிலிருந்து சிஸ்டர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு 50 மில்லி சிரிஞ்சின் உள்விட்டம் 27 மில்லிமீட்டர், இன்னொன்றினது 29 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பிளஞ்சர் ஒரே தூரம் நகர்ந்தால் தள்ளப்படும் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே இரண்டாவது சிரிஞ்ச் 15 சதவீதம் அதிகம் தள்ளும். சிரிஞ்ச் பம்பின் உறையில் போட்டிருக்கும் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 2 அல்லது 3 சதவீதம். பழைய இறக்குமதிப் பம்புகளின் பட்டியலில் நம் மருந்தகம் தரும் சிரிஞ்சின் பெயர் பல சமயம் இருப்பதே இல்லை. அப்போது பட்டியலில் முதலில் நிற்கும் பெயரை அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள், அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ரப்பர் மூடியின் உராய்வும் பிராண்டுக்குப் பிராண்டு வேறு. மணிக்கு 1 மில்லி என்று பெரிய சிரிஞ்சில் ஓட்டினால் முதல் துளி ரத்தக்குழாய்க்குள் போகவே பல நிமிடம் பிடிக்கும். அதே வேகத்தில் குழாயிலுள்ள த்ரீ-வே அடைப்பான் மூடிக் கிடந்தால் அடைப்பு அலாரம் வர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த ரகசியமில்லை. சர்வதேசத் தர நிர்ணயத்தில் ஈர்ப்பு விசையில் இறங்கும் ஐ.வி. செட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 8536-இன் 4-ஆம் பகுதி, பம்பில் மாட்டும் செட்டுக்கு 8-ஆம் பகுதி என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். கையால் அழுத்தும் சிரிஞ்சுக்கு ஐ.எஸ்.ஓ. 7886-இன் முதல் பகுதி, மோட்டார் தள்ளும் சிரிஞ்சுக்கு இரண்டாம் பகுதி. பம்புக்கான ஐ.இ.சி. 60601-2-24 தரமும் துல்லியத்தை உற்பத்தியாளர் பரிந்துரைத்த செட்டோடு சேர்த்தே சோதிக்கச் சொல்கிறது. ஆக, இன்ஃப்யூஷன் பம்பின் பெட்டியில் அச்சடித்த 5 சதவீதம் என்பது அந்த பம்புக்கும் அந்தக் குழாய்க்கும் சேர்த்துக் கொடுத்த வாக்கு. நாம் அதை இரண்டாகப் பிளக்கிறோம். பம்ப் மூலதனச் செலவு, கருவிக் குழுவின் கையெழுத்து. செட்டும் சிரிஞ்சும் மருந்தகத்தின் ஆண்டு விலை ஒப்பந்தம், எல்-1, அதாவது ஆகக் குறைந்த விலை சொன்னவர், யாரோ அவருக்கு. மருந்தக டெண்டர்களில் நான் பார்த்தவரை 8-ஆம் பகுதி, இரண்டாம் பகுதி என்ற எண்கள் தென்படுவது அபூர்வம். மார்ச் முடிந்து புது ஒப்பந்தம் வந்ததும் ஆஸ்பத்திரியிலுள்ள அத்தனை பம்பின் துல்லியமும் ஒரே நாளில் மாறிப்போகிறது, அது பம்பைப் பராமரிப்பவருக்குத் தெரிவிக்கப்படுவதுகூட இல்லை.

குழாயைக் குறை சொல்லிப் பம்பைத் தப்ப விடுகிறாய் என்று கேட்கலாம். பம்புகள் யோக்கியமானவை என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2010-இல் வெளியிட்ட கணக்கில், 2005 முதல் 2009 வரை இன்ஃப்யூஷன் பம்ப் தொடர்பான பாதிப்பு அறிக்கைகள் சுமார் 56,000, சந்தையிலிருந்து திரும்பப் பெற்ற நிகழ்வுகள் 87. மென்பொருள் கோளாறு, ஒரு முறை அமுக்கிய பொத்தான் இரண்டு முறை பதிவாவது, பேட்டரி என்று காரணங்கள் நீண்டன. அதே ஆண்டு பேக்ஸ்டரின் கொலீக் பம்புகள் சுமார் 2 லட்சத்தைத் திரும்பப் பெற உத்தரவானது. ஆனால் இந்தத் தவறுகள் பிடிபட்டதற்குக் காரணம் அவை தடயம் விட்டுச் செல்வதுதான். பிழைக் குறியீடு வரும், பம்ப் நின்றுபோகும், யாராவது எழுதிப் போடுவார்கள். தட்டையான குழாய் எந்தத் தடயமும் விடாது. பம்பின் நினைவில் 500 மில்லி போனதாகவே இருக்கும். பாட்டிலில் மீதி 60 மில்லி இருப்பதை சிஸ்டர் கண்டாலும் கிளாம்பைத் திறந்து ஓட விட்டுவிட்டு அடுத்த பாட்டிலை மாட்டுவார். இந்தியாவிலும் மருத்துவச் சாதனங்களால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015 ஜூலையில் தொடங்கிய மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது, காசியாபாத்தில் தலைமையகம், படிவம் எளிது. ஆனால் எழுதிப் போட ஒரு சம்பவம் வேண்டுமே. மருந்து கொஞ்சம் குறைவாகப் போய், ரத்த அழுத்தம் கொஞ்சம் குறைந்து, டாக்டர் ரேட்டைக் கூட்டிச் சமாளித்த இரவுக்கு எந்தப் படிவத்தில் இடம் இருக்கிறது?

அப்படியானால் கம்பெனியின் சொந்த செட்டையே வாங்கிவிட்டால் தீர்ந்ததே என்பார்கள். மருத்துவர்கள் பலர் கேட்பதும் அதுதான். இங்கேதான் பம்ப் வியாபாரத்தின் உள்கணக்கு வருகிறது. பம்பை இலவசமாகவே வைத்துவிட்டுப் போகிறோம், மாதம் இத்தனை செட் எடுத்தால் போதும் என்று சொல்லும் ஏற்பாடு பெங்களூர் தனியார் ஆஸ்பத்திரிகளில் சாதாரணம். உதாரணத்துக்கு, பம்ப் 40,000 ரூபாய், செட் 250 ரூபாய், ஆண்டுக்கு 150 செட் என்று போட்டால் ஏழு வருஷத்தில் செட்டுக்கு மட்டும் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். பெட்டி இலவசமாகக் கிடைப்பதில் ஆச்சரியமே இல்லை. அந்தப் பணம் ஆஸ்பத்திரியின் கணக்கிலிருந்து போவதில்லை, நோயாளியின் பில்லில் நுகர்பொருள் என்ற தலைப்பில் போகிறது. 2020 ஏப்ரல் முதல் மருத்துவச் சாதனங்கள் எல்லாம் மருந்தாகக் கருதப்படுவதால் எம்.ஆர்.பி.யை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது சட்டம். ஆனால் முதல் நாள் எவ்வளவு போட வேண்டும் என்பதற்கு இந்த செட்டுகளுக்கு வரம்பு கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் நடப்பது வேறு. பம்போடு வந்த முதல் நூறு செட் தீர்ந்ததும் அடுத்த ஆர்டர் வருவதில்லை. ஒன்று, பம்ப் அலமாரிக்குப் போகிறது, அல்லது சாதாரண செட்டோடு ஓடுகிறது. தேசிய சுகாதார இயக்கம் நாடு முழுக்க எடுத்த கணக்கில் மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் கருவிகள் இயங்காமல் கிடந்தன. பழுதாகிக் கிடந்தவற்றை விடுங்கள், பழுதே இல்லாமல் செட் இல்லாததால் கிடக்கும் பம்புகளை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

நான் கேட்பது கம்பெனி செட்டுக்கும் எல்-1 செட்டுக்கும் நடுவே ஒரு வழி. எந்த செட்டையும் ஏற்கும் பம்பை வாங்கலாம், சென்னையிலும் பெங்களூரிலும் தயாராகிறவை உட்பட அப்படிப் பல உண்டு. ஆனால் டெண்டரிலேயே, இந்தியச் சந்தையில் கிடைக்கும் குறைந்தது இரண்டு செட்டோடு 24 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும் 5 சதவீதத்துக்குள் நிற்பதை எங்கள் மேஜையில் காட்டு என்று எழுத வேண்டும். அந்த இரண்டு செட்டின் விலையையும் பம்பின் ஆயுள்வரைக்கும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். பிறகு மருந்தகம் செட்டை மாற்ற நினைத்தால் பயோமெடிக்கல் பிரிவின் கையெழுத்து வேண்டும். கர்நாடக வெளிப்படைக் கொள்முதல் சட்டம் 1999-ஐக் காட்டி, பிராண்டைக் குறிப்பிட்டால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம் என்று கோப்பைத் திருப்புவார்கள். இதில் ஆஸ்பத்திரி எந்த பிராண்டையும் குறிப்பிடவில்லை. செயல்திறனைக் கேட்கிறது, எந்த செட்டோடு அதைக் காட்டுவது என்பதை ஏலதாரரே சொல்கிறார். கர்நாடகத்தில் மருத்துவப் பொருள் வழங்கல் கழகம், தமிழ்நாட்டில் 1994-இல் பிறந்த மருத்துவப் பணிகள் கழகம் இரண்டுமே மருந்தும் கருவியும் ஒரே கூரையின் கீழ் வாங்குகிறவை. இரண்டு கோப்பை ஒன்றாகக் கட்டப் புது அமைப்பு எதுவும் வேண்டாம்.

சோதிக்க லட்சக்கணக்கில் விலையுள்ள பம்ப் அனலைசர் வேண்டுமே என்ற தயக்கமும் வேண்டாம். இருந்தால் நல்லது, ஆஸ்பத்திரிகளுக்கான என்.ஏ.பி.எச். தர அங்கீகாரத்துக்குச் சான்றிதழும் கிடைக்கும். ஆனால் அந்தச் சான்றிதழ் பெரும்பாலும் சோதனை செய்தவர் கொண்டுவந்த செட்டோடு எடுத்தது, வார்டில் ஓடும் செட்டோடு எடுத்தது அல்ல. நூறில் ஒரு கிராம் காட்டும் தராசு ஒன்று, பீக்கர் ஒன்று போதும். தண்ணீர் ஒரு மில்லி ஏறக்குறைய ஒரு கிராம். மெதுவான ரேட்டில் ஆவியாவதைத் தடுக்க மேலே இரண்டு துளி எண்ணெய் விட்டுவிட்டு எடை போடலாம். புது செட்டோடு ஒரு முறை, அதே செட் அதே இடத்தில் 24 மணி நேரம் ஓடிய பிறகு ஒரு முறை. தராசும் இல்லாத சின்ன நர்சிங் ஹோம்கள் இந்த ஊரில் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. அங்கே பம்ப் இரண்டோ மூன்றோதான், அதிலும் ஒன்று செகண்ட் ஹேண்டாக இருக்கும், பயோமெடிக்கல் ஆள் கிடையாது. அவர்களிடம் அளவுக் குடுவை இருக்கும், கைபேசியில் கடிகாரம் இருக்கும். மணிக்கு 60 மில்லி வைத்து, பாட்டிலின் காற்று வழியைத் திறந்து, ஒரு மணி நேரம் குடுவைக்குள் விட வேண்டும். 57-க்கும் 63-க்கும் நடுவே வராவிட்டால் அந்த செட்டை அந்த பம்பில் மாட்டக்கூடாது. வேறு செட் போட்டு இன்னொரு மணி நேரம் பார்க்க வேண்டும், அதிலும் வராவிட்டால் சர்வீசுக்குப் போன் போட வேண்டியதுதான்.